ஈரத் தாளில் எழும் சிற்பம்: அகிரா யோஷிசாவாவும் ஈரமடிப்பும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு தாளை எடுத்து, கத்தரிக்கோலின் துணையின்றி, மடித்தே யானையையும் கொரில்லாவையும் மனித முகத்தையும் உருவாக்கியவர் ஜப்பானியக் கலைஞர் அகிரா யோஷிசாவா. அவருடைய வாழ்க்கையைப் பற்றியும், தாளை ஈரப்படுத்தி மடிக்கும், அவர் கண்டறிந்த ஈரமடிப்பு முறையைப் பற்றியும், அதைத் தாமே செய்து பார்க்க விரும்புவோருக்கு எழும் ஐயங்களைப் பற்றியும் இங்கே விடை தரப்படுகிறது.

யோஷிசாவா யார்?

ஜப்பானின் டோச்சிகி மாவட்டத்தைச் சேர்ந்த காமினோகாவா என்னும் ஊரில், பால்பண்ணை நடத்திவந்த குடும்பத்தில், 1911 மார்ச் 14 அன்று பிறந்தவர். பதின்மூன்று வயதில் டோக்கியோவுக்கு வந்து ஓர் ஆலையில் தொழிலாளியாகச் சேர்ந்தார். இருபது வயதைத் தாண்டியபின் தொழில்நுட்ப வரைவாளராகப் பதவி உயர்வு பெற்றார். புதிதாகச் சேரும் இளைஞர்களுக்கு வடிவியல் கற்பிப்பது அப்பணியின் ஒரு பகுதியாக இருந்தது. கோணம், சமச்சீர், மூலைவிட்டம் முதலியவற்றைச் சொல்லிப் புரியவைப்பதைவிடத் தாளை மடித்துக் காட்டுவது எளிது என்று கண்டு, சிறுவயதில் தாமாகவே கற்ற ஒரிகாமி என்னும் ஜப்பானியத் தாள் மடிப்புக் கலையை அவர் பாடமாக்கினார். 1937-இல் ஆலை வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் தாள் மடிப்பிலேயே இறங்கினார். 2005 மார்ச் 14 அன்று, தம் தொண்ணூற்று நான்காம் பிறந்தநாளில், காலமானார்.

ஒரிகாமி ஜப்பானில் பழங்காலத்திலிருந்தே இருந்துவருகிறதே, அவர் புதிதாகச் செய்தது என்ன?

இருந்தது உண்மை. ஆயிரம் கொக்குகளைப் பற்றிய, 1797-இல் அச்சான மடிப்பு நூல் இன்றும் கிடைக்கிறது. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானில் தாள் மடிப்பு என்றால் பெரும்பாலும் பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்த ஒரு சில உருவங்கள்தான். அல்லது மழலையர் பள்ளிக் கைவேலை. கொக்கு, தவளை, படகு, தலைக்கவசம் என்று அந்த வரிசை ஏறத்தாழ முடிந்துபோன ஒன்றாகவே கருதப்பட்டது. புதிய உருவம் ஒன்றை நினைத்து உருவாக்கலாம் என்ற எண்ணமே பலருக்கு எழவில்லை.

யோஷிசாவா மூன்று வகையில் அந்த எல்லையைக் கடந்தார். பழைய உருவங்களில் காதுக்கும் வாலுக்கும் கத்தரிக்கோலால் வெட்டு வைப்பது வழக்கமாக இருந்தது. அவர் வெட்டைத் தவிர்த்தார். பறவை, மீன், தவளை ஆகியவற்றைச் செய்யப் பயன்பட்ட பழைய அடிப்படை மடிப்புகளைப் பிரித்து ஆராய்ந்து, அவற்றிலிருந்து எத்தனை முனைகள் கிடைக்கும், அவற்றை எங்கே நகர்த்தலாம் என்று கணக்கிட்டு, முன்பு இல்லாத உருவங்களைப் பெற்றார். மூன்றாவதும் இந்தப் பக்கத்துக்கு முக்கியமானதுமான செயல், தாளைத் தட்டையான பரப்பாக மட்டும் பார்க்காமல் கனமும் இழையும் ஈரத்தை உறிஞ்சும் தன்மையும் கொண்ட பொருளாகக் கையாண்டது. மரபான கொக்கு என்பது கோடுகளால் ஆனது. அதன் வயிறு ஊதப்பட்டாலும் உடல் முழுவதும் கூரிய விளிம்புகளே. யோஷிசாவாவின் கொரில்லாவில் தோள் தசை புடைத்து நிற்கிறது, முதுகு வளைகிறது. எந்த இடத்தில் மடிப்பு முடிந்து வளைவு தொடங்குகிறது என்று விரலால் தடவித்தான் சொல்ல முடியும்.

ஈரமடிப்பு என்பது எப்படி நடக்கிறது?

தாள் என்பது செல்லுலோஸ் இழைகள் ஒன்றன்மீது ஒன்று கிடந்து, நீர் வற்றும்போது தமக்குள் பிணைந்துகொண்ட ஒரு படலம். இழைகளுக்கிடையே உள்ள பிணைப்பு ஹைட்ரஜன் பிணைப்பு. நீர் பட்டால் அது தளரும், நீர் நீங்கினால் மீண்டும் உருவாகும். எழுதும் தாளிலும் ஓவியத் தாளிலும் மை ஊறிப் பரவாமலிருக்க மாவுப்பசை, ஜெலட்டின் போன்ற ஒரு பசைப் பொருளும் ஏற்றப்பட்டிருக்கும். அது நீரில் இளகும் வகையாக இருந்தால், ஈரத்தில் மென்மையாகி, உலர்ந்ததும் மீண்டும் இறுகும்.

கனமான தாளை உலர்ந்த நிலையில் மடித்தால், மடிப்பின் வெளிப்புறத்தில் இழைகள் இழுபட்டு அறுந்து வெடிப்பு விழுகிறது, உட்புறத்தில் நசுங்குகிறது. அது மட்டுமல்லாமல், உலர்ந்த தாளுக்கு மடிப்பு என்பது உண்டு, வளைவு என்பது கிடையாது. வளைத்துப் பிடித்துக் கையை எடுத்தால் பழைய நிலைக்கே திரும்பிவிடும். அதே தாளை ஈரப்படுத்தினால் இழைகள் ஒன்றின்மீது ஒன்று வழுக்கிப் புதிய இடத்துக்கு நகர்கின்றன. அந்நிலையிலேயே உலரவிட்டால், நகர்ந்த இடத்திலேயே மீண்டும் பிணைந்துகொள்கின்றன. கூர்மடிப்பு இல்லாமலேயே கன்னக் கதுப்பும் முதுகு வளைவும் நிலைத்து நிற்பதன் காரணம் இதுதான். உலர்ந்து முடித்த உருவம் அட்டையைப் போல விறைப்பாக இருக்கும். தட்டினால் ஒலி கேட்கும்.

இதில் சிக்கல் ஒன்று உண்டு. ஈரம்பட்ட தாள் விரிவடைகிறது, அதுவும் எல்லாப் பக்கமும் சமமாக விரிவதில்லை. ஆலைத் தாளில் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். அவ்விழையோட்டத்துக்குக் குறுக்குத் திசையில் தாள் அதிகமாக நீளும். உலர்ந்த நிலையில் மிகச் சரியாக வெட்டிய சதுரம், நனைத்தவுடன் சற்றே செவ்வகமாகிவிடுவது இதனால்தான். துல்லியம் தேவைப்படும் உருவத்துக்கு முதலில் தாளை ஈரப்படுத்தி, அது விரிந்தபின் சதுரமாக வெட்டிக்கொள்வது நல்லது.

எந்தத் தாளைப் பயன்படுத்த வேண்டும்?

தாளின் கனத்தை ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) என்று குறிப்பார்கள். நகல் எடுக்கப் பயன்படும் 70 அல்லது 80 ஜி.எஸ்.எம். தாள் பயிற்சிக்குக்கூட ஏற்றதல்ல. ஈரம் பட்டதும் துவண்டு கிழிந்துவிடும். 120 முதல் 200 ஜி.எஸ்.எம். வரையிலான ஓவியத் தாள் ஏற்றது. உலகெங்கும் ஈரமடிப்பாளர்கள் விரும்பி எடுப்பவற்றுள் 160 ஜி.எஸ்.எம். கொண்ட கான்சன் மி-டான்ட் வண்ணத் தாளும், ஜெர்மனியின் எலிபன்ட் ஹைட் என்னும் 110 ஜி.எஸ்.எம். தாளும் குறிப்பிடத்தக்கவை. ஜப்பானின் கோசோ மரப்பட்டை இழையில் செய்த கைத்தாள் நீண்ட இழைகளைக் கொண்டிருப்பதால் எளிதில் கிழியாது. ஆனால் அது மெல்லியதாக இருக்கும்போது இரண்டு மூன்று படலங்களைப் பசையிட்டு ஒட்டிக் கனமாக்கிக்கொள்ள வேண்டும்.

நம்மூர் எழுதுபொருள் கடையில் கிடைக்கும் கார்ட்ரிட்ஜ் தாளில் (படம் வரையப் பயன்படும் கனமான தாள்) தொடங்கலாம். பளபளப்பான சார்ட் பேப்பரைத் தவிர்க்கவும். அதன் மேற்பூச்சு நீரை உள்ளே விடுவதில்லை, விட்ட இடத்தில் உரிந்துவிடுகிறது. வாங்கும் முன் ஒரு துண்டில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பார்க்கலாம். சொட்டு நெடுநேரம் முத்தாகவே நின்றால் அந்தத் தாள் உதவாது. உடனே உறிஞ்சிப் பின்பக்கம் ஊறினாலும் உதவாது. சிறிது நேரம் நின்று மெல்ல இறங்கினால் அதுவே வேண்டியது.

நீரில் இளகாத பசையை ஏற்றிச் செய்யப்படும் தாள்களே இப்போது சந்தையில் அதிகம். அவை ஈரத்தில் வளைந்துகொடுத்தாலும் உலர்ந்தபின் போதுமான விறைப்பைத் தருவதில்லை. இதற்குத் தீர்வாக மெத்தில் செல்லுலோஸ் என்னும் பசைத் தூளைக் கரைத்துத் தூரிகையால் இருபுறமும் பூசி, உலரவைத்து, பிறகு மடிக்கிறார்கள். இந்தத் தூள் குளிர்ந்த நீரில் கரையும், வெந்நீரில் கரையாது என்பதைக் கவனத்தில் கொள்ளவும். சூடான நீரில் போட்டுக் கலக்கிவிட்டுத் தூள் கெட்டுவிட்டதாக நினைப்பவர்கள் பலர். கஞ்சிப்பசையோ மைதாப்பசையோ அந்த வேலையைச் செய்யும்தான்; ஆனால் பூச்சிக்கும் பூசணத்துக்கும் அது விருந்து.

தாளை எவ்வளவு ஈரமாக்க வேண்டும்?

தொடங்குபவர்கள் அனைவரும் அளவுக்கு மீறி நனைக்கிறார்கள். தாளை நீரில் முக்கக் கூடாது. சுத்தமான பருத்தித் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி இரண்டு பக்கமும் ஒற்றியெடுக்க வேண்டும். தெளிப்புப் புட்டி வைத்திருப்பவர்கள் எட்ட நின்று பனிபோலத் தெளித்துவிட்டு, ஈரம் எல்லா இடத்திலும் பரவும்வரை பொறுத்திருக்க வேண்டும். தாளின் மேற்பரப்பு வெளிச்சத்தில் பளபளத்தால் நீர் அதிகம் என்று பொருள். பளபளப்பு மறைந்து, தொட்டால் குளிர்ச்சியாகவும், நனைந்து காய்ந்துகொண்டிருக்கும் மெல்லிய தோலைப்போல வழவழப்பின்றித் துவளும் தன்மையோடும் இருக்கும் நிலையே சரியானது. விரல்நகம் பட்டால் இழை உரிந்து திரள்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும். உரிந்தால் சற்று உலரவிடவும்.

மடிக்கும்போது தாள் காய்ந்துகொண்டே இருக்கும். வேலை நடக்கும் பகுதியை மட்டும் ஈரத்துணியால் அவ்வப்போது தொட்டுக்கொள்ளலாம். ஏற்கெனவே பலமுறை மடிப்பு விழுந்து, பல அடுக்குகள் சந்திக்கும் மூலைகளில் நீரை மறந்தும் சேர்க்கக் கூடாது. கிழிசல் முதலில் அங்குதான் விழும். மின்விசிறிக்கு நேர் கீழே அமர்ந்து செய்வதும் வீண் தொல்லை.

எல்லா மடிப்புகளையும் ஈரத்தாளிலேயே செய்ய வேண்டுமா?

தேவையில்லை. தொடக்கத்தில் வரும் அடையாள மடிப்புகளை உலர்ந்த தாளில் மெதுவாக வைத்துக்கொண்டு, பிறகு ஈரப்படுத்தி உருவம் கொடுப்போர் பலர்.

உலரும்வரை உருவம் எப்படிக் கலையாமல் நிற்கும்?

பிடித்துவைக்க வேண்டும். துணி உலர்த்தும் கிளிப்புகள், மாஸ்கிங் டேப், நூல், மெல்லிய கம்பி, உள்ளே திணிக்கும் பஞ்சு எல்லாம் பயன்படும். கிளிப்பின் பல் தாளில் தடம் பதிக்காமலிருக்க இடையில் ஓர் அட்டைத் துண்டை வைக்கலாம். டேப்பை ஈரத்தாளில் ஒட்டினால் உரிக்கும்போது மேல்படலமும் சேர்ந்து வரும். ஆகவே உருவத்தைச் சுற்றி டேப்பின்மீதே டேப் ஒட்டுமாறு கட்டுவது பாதுகாப்பு. கால்கள் விரிந்துகொள்வது நாற்கால் விலங்குகளில் அடிக்கடி நேரும் கோளாறு; நான்கு கால்களையும் நூலால் தளர்வாகச் சுற்றி ஓர் இரவு வைத்தால் சரியாகும். மழைக்காலத்தில் ஓர் இரவு போதாது. வெயிலில் வைத்து அவசரப்படுத்தினால் வெளிப்பக்கம் முதலில் சுருங்கி உருவம் முறுக்கிக்கொள்ளும்.

யோஷிசாவா வகுத்த குறியீடுகள் என்ன?

இன்று எந்த மொழியில் வந்த ஒரிகாமி நூலைத் திறந்தாலும், நம்மை நோக்கி மடிக்க வேண்டிய இடம் சிறு கோடுகளாலும், பின்னோக்கி மடிக்க வேண்டிய இடம் கோடும் புள்ளியும் மாறிமாறி வரும் வரிசையாலும் காட்டப்பட்டிருக்கும். முதலாவது பள்ளத்தாக்கு மடிப்பு, இரண்டாவது மலை மடிப்பு. தாள் எத்திசையில் நகர வேண்டும் என்பதை அம்புக்குறி சொல்லும். இந்த முறையை யோஷிசாவா 1954-இல் வெளிவந்த தம் நூலில் முறைப்படுத்தித் தந்தார். அமெரிக்கரான சாமுவேல் ராண்ட்லெட்டும் பிரிட்டனைச் சேர்ந்த ராபர்ட் ஹார்பினும் அதில் வேறு சில குறிகளைச் சேர்த்துக்கொள்ள, 1960-களின் தொடக்கத்திலிருந்து அது உலகப் பொதுமுறை ஆயிற்று. யோஷிசாவா-ராண்ட்லெட் முறை என்றே அதற்குப் பெயர்.

இதன் பயனை எளிதாகச் சொல்லிவிடலாம்: ஜப்பானிய மொழியில் ஓர் எழுத்துகூடத் தெரியாத ஒருவர் ஜப்பானிய நூலைப் பார்த்து மடித்து முடிக்கலாம். ஆலையில் வரைபடம் போட்ட கை அது என்பதை நினைத்துக்கொண்டால், இப்படியொரு முறை அவருக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

ஐம்பதாயிரம் உருவங்களை உருவாக்கியதாகச் சொல்லப்படுகிறதே, அவற்றின் வரைபடங்கள் எங்கே?

ஐம்பதாயிரத்துக்கும் மேல் என்பது 1989-இல் அவரே கூறிய மதிப்பீடு. அவர் எழுதிய பதினெட்டு நூல்களில் வரைபடத்தோடு வெளிவந்தவை சில நூறு மட்டுமே. உலகுக்கே குறியீட்டைத் தந்தவர் தம் படைப்புகளில் மிகப் பெரும் பகுதியைக் குறியீட்டில் எழுதாமலே விட்டார் என்பது முரணாகத் தோன்றலாம். வரைபடம் போடுவது நேரம் தின்னும் வேலை என்பது ஒரு காரணம். அதைவிட வலுவான காரணம் அந்தக் குறியீட்டின் இயல்பிலேயே இருக்கிறது என்பது என் கருத்து.

கோடும் அம்பும் தட்டையான மடிப்பைத்தான் சொல்லும். எந்த விளிம்பு எந்த மூலையைத் தொட வேண்டும் என்று சொல்லும். யானையின் நெற்றியில் கட்டைவிரலை எவ்வளவு அழுத்த வேண்டும், அழுத்தத்தை எப்போது நிறுத்த வேண்டும் என்பதற்குக் குறி கிடையாது. ஒரே வரைபடத்தைப் பார்த்து இருவர் மடித்தால் கடைசிக்கு முந்தைய படிவரை இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கடைசிப் படியில் 'உருவம் கொடுக்கவும்' என்று வரைபடம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அதற்குப்பின் ஒருவர் கையில் விலங்கு நிற்கிறது, மற்றவர் கையில் மடித்த தாள் நிற்கிறது. யோஷிசாவாவின் சிற்பம் பெரும்பாலும் அந்தக் கடைசிப் படியில்தான் இருக்கிறது. எனவே அவருடைய நூலில் உள்ள படிகளைப் பிசகாமல் பின்பற்றியும் அந்தப் புகைப்படத்தில் உள்ளது வரவில்லையே என்று வருந்துவோர், வரைபடத்தில் பிழை தேட வேண்டியதில்லை.

அவர் மேசையின்மீது வைத்து மடிக்கமாட்டார். தாளைக் கைகளில் ஏந்தி அந்தரத்திலேயே மடிப்பார். மேசைமீது அழுத்தி மடித்தால் துல்லியம் கூடும் என்பது உண்மைதான், ஆனால் தாள் தட்டையாகவே இருக்கப் பழகிவிடும். கையில் ஏந்தி மடிப்பவருக்குத் தொடக்கத்திலிருந்தே அது முப்பரிமாணப் பொருள்.

அவர் இதனால் எப்படிப் பிழைத்தார்?

நெடுங்காலம் பிழைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். ஆலையை விட்ட பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வறுமையில் கழிந்தன. கடற்பாசி முதலியவற்றைச் சோயாச் சாற்றில் சுண்டக் காய்ச்சிச் செய்யும் சுகுதானி என்னும் தொடுகறியை வீடுவீடாகச் சென்று விற்றுவந்தார். இரண்டாம் உலகப் போரின்போது படையின் மருத்துவப் பிரிவில் ஹாங்காங்கில் பணியாற்றினார். அங்கே நோயாளிகளின் மனத்தைத் தேற்ற உருவங்களை மடித்துக் கொடுத்தார். பிறகு தாமே நோயுற்று ஊர் திரும்பினார்.

திருப்பம் ஓர் இதழால் வந்தது. அசாஹி கிராஃப் என்னும் படஇதழின் ஆசிரியர் 1952 ஜனவரி இதழுக்காக, எலி முதல் பன்றி வரை ஆண்டுக்கு ஒன்றாகச் சின்னமாக வரும் பன்னிரண்டு விலங்குகளையும் மடித்துத் தரும்படி கேட்டார். புத்தாண்டில் வீட்டுக்கு வீடு பேசப்படும் சின்னங்கள் அவை. அவற்றின் படங்கள் வெளிவந்ததும் யோஷிசாவாவின் பெயர் நாடறிந்ததாயிற்று. 1954-இல் அவர் டோக்கியோவில் சர்வதேச ஒரிகாமி மையத்தை நிறுவினார். 1956-இல் அவர் மணந்த கியோ, அவருடைய பணிகளை நிர்வகித்ததோடு அவருடன் சேர்ந்து கற்பித்தும் வந்தார். 1983-இல் ஜப்பானின் உதய சூரியன் விருது வழங்கப்பட்டது. புகழ் வந்தபின்னும் தம் மூலப் படைப்புகளை அவர் விலைக்குக் கொடுக்கவில்லை.

ஜப்பானுக்கு வெளியே அவர் எப்படி அறியப்பட்டார்?

பிரான்சில் வாழ்ந்த கெர்ஷோன் லெக்மன் என்னும் அமெரிக்க நாட்டுப்புறவியலாளர் தாள் மடிப்பு பற்றிய நூல்களைத் தேடித் தொகுத்துவந்தவர். அவர் யோஷிசாவாவைத் தேடிப்பிடித்துக் கடிதத் தொடர்பு கொண்டார். அதன் விளைவாக 1955-இல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடெலிக் அருங்காட்சியகத்தில் யோஷிசாவாவின் படைப்புகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. வான் கோ, மோன்ட்ரியான் ஆகிய ஓவியர்களின் படைப்புகளைப் பார்க்க வருவோர் அந்நாளில் நுழைந்த கட்டடம் அது; பள்ளிக் கைவேலை என்று எண்ணப்பட்ட ஒன்று அங்கே இடம்பெற்றதன் கனத்தை இதிலிருந்து உணரலாம். 1959-இல் நியூயார்க்கின் கூப்பர் யூனியன் அருங்காட்சியகத்தில் நடந்த தாள் மடிப்புக் கண்காட்சியிலும் அவருடைய உருவங்கள் இருந்தன. பின்னாளில் ஜப்பானின் பண்பாட்டுத் தூதராகப் பல நாடுகளுக்குச் சென்றார். 1998-இல் பாரிஸின் லூவர் வளாகத்திலும் அவர் படைப்புகள் காட்டப்பட்டன. 2012-இல் அவருடைய 101-ஆம் பிறந்தநாளன்று கூகுள் தன் முகப்பில் மடித்த தாள் எழுத்துகளால் அவரை நினைவுகூர்ந்தது. அவற்றை வடிவமைத்தவர் அமெரிக்க ஒரிகாமிக் கலைஞரான ராபர்ட் லாங்.

இதைச் சிற்பம் என்று சொல்வது மிகையல்லவா?

சிற்பத்தில் செதுக்குவதும் உண்டு, சேர்ப்பதும் உண்டு. கல்லில் வேண்டாததை நீக்குகிறோம். சுதையில் வேண்டியதைச் சேர்க்கிறோம். மடிப்பில் நீக்குவதும் இல்லை, சேர்ப்பதும் இல்லை. தொடக்கத்தில் இருந்த சதுரத்தின் ஒவ்வோர் அங்குலமும் முடிந்த உருவத்துக்குள் எங்கோ இருக்கிறது. பிரித்தால் சதுரம் திரும்பக் கிடைக்கும். பொருளைக் கொண்டு முப்பரிமாணத்தில் உருவம் சமைப்பது சிற்பம் என்றால், இதை அதிலிருந்து விலக்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. குழந்தைகளும் செய்கிறார்கள் என்பது காரணமாகாது. குழந்தைகள் களிமண்ணையும்தான் பிசைகிறார்கள்.

காகிதத்தைக் கூழாக்கியும் வெட்டியும் செய்யும் சிற்பங்களிலிருந்து இது எவ்வாறு வேறுபடுகிறது?

கொலுப்படிகளில் நாம் பார்க்கும் காகிதக்கூழ் பொம்மைகளில் தாள் தன் வடிவத்தை முற்றிலும் இழந்து, அச்சில் அடைக்கப்படும் கூழாகிறது. புதுச்சேரியை அடுத்த திருக்கனூரின் காகிதக்கூழ்க் கைவினைக்குப் புவிசார் குறியீடே உண்டு. அங்கே காகிதம் மண்ணின் இடத்தில் நிற்கும் மாற்றுப் பொருள். மண்ணைவிடக் கனம் குறைவு என்பது அதன் சிறப்பு.

டென்மார்க்கின் பீட்டர் காலெசன் ஓர் ஏ4 தாளில் உருவத்தை வெட்டி எடுத்து, அதே தாளிலேயே நிறுத்திவைக்கிறார். வெட்டி எடுத்த இடத்தில் உள்ள வெற்றிடமும் படைப்பின் பகுதியாகிறது. சீனாவின் லி ஹோங்போ ஆயிரக்கணக்கான தாள்களைத் தேனடை அமைப்பில் பசையிட்டு அடுக்கி, அந்தக் கட்டையை மரத்தைப் போல அறுத்துத் தேய்த்து, பார்ப்பதற்குச் சுண்ணச் சிலை போன்ற மார்பளவு உருவங்களைச் செய்கிறார். தலையைப் பிடித்து இழுத்தால் அது நீண்டு வளைந்து, விட்டதும் பழையபடி சேர்ந்துகொள்ளும். மூவரும் காகிதச் சிற்பிகள் என்றாலும், லி ஹோங்போவிடம் தாள் திரளாகிறது, காலெசனிடம் கதை சொல்லும் பரப்பாகிறது, யோஷிசாவாவிடம் உயிருள்ள உடலின் தோலாகிறது. மடிப்பிலும் ஒரே தாள் என்பது அவருக்கு மீறக் கூடாத விதியாக இருக்கவில்லை. இரு தாள்களை இணைத்துச் செய்த விலங்குகளும் அவரிடம் உண்டு. ஒரே சதுரம், வெட்டே கூடாது என்ற கண்டிப்பு அவருக்குப் பின்வந்தவர்களிடம்தான் கூர்மையடைந்தது.

அவருக்குப் பின் இந்த வழியில் சென்றவர்கள் யார்?

முதலில் சொல்ல வேண்டியவர் பிரான்சின் எரிக் ஜுவாசெல் (1956–2010). களிமண் முதலியவற்றில் சிற்பம் செய்துகொண்டிருந்தவர், யோஷிசாவாவின் படைப்புகளைக் கண்டபின் தாளுக்கு மாறினார். அவருடைய இசைக்கலைஞர் வரிசையில், கருவியை ஏந்திய விரல்களும் சட்டையின் சுருக்கங்களும் தொப்பியும் மீசையும் ஒரே தாளிலிருந்து எழுகின்றன. முகத்தை அவர் வரைபடத்தால் அடையவில்லை. மூக்குக்கும் கண்ணுக்கும் போதுமான தாளை மடிப்புகளில் சேமித்துவைத்துக்கொண்டு, ஈரத்தில் விரல்நுனியாலும் சிறு கருவிகளாலும் களிமண்ணைப் போலவே வனைந்தார். எறும்புண்ணியின் செதில்களை அடுக்கடுக்காக எழுப்பிய அவருடைய உருவத்தைப் புகைப்படத்தில் பார்த்தாலே தாள் என்று நம்பக் கடினமாக இருக்கும்.

வேறொரு கிளை கணிதத்தை நோக்கிச் சென்றது. இயற்பியலாளரான ராபர்ட் லாங், ஒரு பூச்சிக்கு வேண்டிய ஒவ்வொரு காலுக்கும் உணர்கொம்புக்கும் தாளில் எவ்வளவு இடம் ஒதுக்க வேண்டும் என்பதை வட்டங்களை நெருக்கி அடுக்கும் கணக்காக மாற்றி, அதற்கென ஒரு கணினி நிரலையும் எழுதினார். இந்த வழியில் எத்தனை கால் வேண்டுமானாலும் கிடைக்கும். ஆனால் கால்கள் கிடைத்தபின் பூச்சியை நிற்கவைக்க, அவரும் விரலையும் ஈரத்தையும்தான் நாடுகிறார்.

கணிதம் தெரியாதவர்கள் இதைச் செய்ய முடியுமா?

முடியும். கோணத்தைச் சரிபாதியாக்கத் தெரிந்தால் போதும். அதைத் தாளே செய்துகொடுக்கிறது.

முதல் முயற்சிக்கு எதை எடுத்துக்கொள்வது?

விலங்கை வேண்டாம். 150 ஜி.எஸ்.எம். அளவிலான தாளில் இருபது சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை ஈரப்படுத்தி, மூலைவிட்டத்தில் ஒரே ஒரு மடிப்பை, நகத்தால் அழுத்தாமல், விரல்களுக்கிடையே உருட்டினாற்போல வையுங்கள். இப்போது நடுநரம்போடு கூடிய ஓர் இலை கையில் இருக்கிறது. இரு பக்கங்களையும் சற்றே கீழ்நோக்கி வளைத்து, ஒரு நுனியை மட்டும் மேலே திருப்பி, இரு முனைகளிலும் கிளிப்பிட்டு ஓர் இரவு விடுங்கள். காலையில் கிளிப்பை எடுத்ததும் வளைவு அப்படியே நின்றால் ஈரத்தின் அளவும் தாளும் சரி. தளர்ந்து விரிந்தால் பசை போதவில்லை. மெத்தில் செல்லுலோஸ் பூசிய தாளில் மீண்டும் செய்யுங்கள். மடிப்பின்மீது வெண்மையாக இழை தெரிந்தால் போதிய ஈரம் இல்லாமல் மடித்திருக்கிறீர்கள்.

அடுத்து, உலர்ந்த தாளில் கண்ணை மூடிக்கொண்டு மடிக்கத் தெரிந்த எந்த எளிய உருவத்தையும் எடுத்துக்கொள்ளலாம். படிகளை நினைவுகூர்ந்துகொண்டே ஈரத்தையும் கவனிப்பது இயலாத காரியம். வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் தாள் காய்ந்துவிடும். பெரிய தாள் எடுப்பதும் நல்லது. சிறிய தாளில் கனம் இடத்தை அடைத்துக்கொள்ளும், விரலுக்கு வேலையிருக்காது.

முடிந்த உருவம் எவ்வளவு காலம் இருக்கும்?

தாளைப் பொறுத்தது. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்னும் பொருள் கூழில் மிகுந்த மலிவுத் தாள் சில ஆண்டுகளில் மஞ்சளாகி நொறுங்கும். அமிலம் நீக்கிய பருத்தித் தாளும் கோசோத் தாளும் பல தலைமுறைகள் தாங்கும். நேர்வெயில் வண்ணத்தை வெளுக்கச் செய்யும். நம் ஊர்களில் அதைவிட அஞ்ச வேண்டியவை ஈரப்பதமும் இராமபாணப் பூச்சியும். ஈரத்தால் உருவம் பெற்றது ஈரத்தாலேயே தளரும் என்பதால், அடைமழைக் காலத்தில் திறந்த அலமாரியில் வைத்த உருவத்தின் கால்கள் மெல்ல விரிவதைக் காணலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு வைப்பது போதுமான பாதுகாப்பு. தூசியைத் துணியால் துடைக்காமல் மென்தூரிகையால் தட்டிவிடவும். வார்னிஷ் பூசலாமா என்று கேட்பவர்களுக்கு என் விடை, வேண்டாம் என்பதே. தாளின் மேற்பரப்பை மறைத்துவிட்டால் பிளாஸ்டிக் பொம்மையும் அதுவும் ஒன்றாகிவிடும்.

யோஷிசாவாவின் உருவங்களைத் தாமே மடித்துப் பார்க்க நூல் கிடைக்குமா?

அவருடைய நூல்களில் பெரும்பாலானவை ஜப்பானிய மொழியில் உள்ளன. குறியீடு அறிந்தவர்களுக்கு மொழி பெரிய தடையாக இராது. ஆங்கிலத்தில் டட்டில் பதிப்பகம் 2016-இல் வெளியிட்ட தொகுப்பில் அறுபதுக்கும் மேற்பட்ட உருவங்களின் வரைபடங்களும், அவர் கையால் மடித்தவற்றின் புகைப்படங்களும், ராபர்ட் லாங்கின் முன்னுரையும் உள்ளன. அதில் எளிய உருவங்களே மிகுதி. புகைப்படத்தை வரைபடத்துக்கு அருகில் வைத்துக்கொண்டு, எந்த வளைவு வரைபடத்தில் இல்லாமல் புகைப்படத்தில் மட்டும் இருக்கிறது என்று முதலில் குறித்துக்கொண்டு, அதன்பிறகு தாளை நனைக்கவும்.